வரிகளுக்கு நடுவே ஒரு விசில்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே போன். “மேடம், எல்லாம் பிரமாதம். இன்னும் கொஞ்சம் சத்தமா இருந்தா நல்லாருக்கும்.” இந்தத் தயாரிப்பாளருக்கு நான் வைத்திருக்கும் பெயரே இன்னும்கொஞ்சம். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவர் கண்ணில் பட்டால் என் பிழைப்பில் மண்தான்.

பாட்டு வெளியே போகுமுன் கடைசியாக வந்து நிற்கும் இடம் என் அறை. குரலையும் வாத்தியங்களையும் கலந்து மெருகு போட்டு அனுப்புவது என் வேலை. இப்போதெல்லாம் அதில் முக்கால்வாசி கம்ப்ரஷன். உரக்க இருப்பதைத் தலையில் தட்டி உட்கார வைத்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் சேர்த்துத் தூக்குவது. குடும்பப் போட்டோவில் நெட்டையானவர்களைக் குனியச் சொல்லி, குட்டையானவர்களை ஸ்டூலில் ஏற்றி, எல்லாத் தலையையும் ஒரே கோட்டில் நிறுத்துகிற மாதிரி. போட்டோ நிறைந்துவிடும். யார் நெட்டை, யார் குட்டை என்றுதான் தெரியாது.

வேறு யாருடைய ஆல்பமாக இருந்தாலும் மல்லுக்கு நின்றிருப்பேன். இது என் நாத்தனாருடையது. வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். இத்தனை வருஷமும் அடுத்தவர் பாட்டில் கோரஸாக நின்றவளுக்கு, முதல் முறையாகத் தன் பெயரில் ஏழு பாட்டு. ஆறு பாடி முடித்துவிட்டாள். ஏழாவது அவளே எழுதி அவளே மெட்டுப் போட்டது. ஏப்ரல் கடைசியில், ஒரு அறை நிறைய வாத்தியங்களோடு பதிவு என்று இன்னும்கொஞ்சம் சொல்லியிருக்கிறார். அவரைப் பகைத்துக்கொண்டால் நஷ்டம் அவளுக்குத்தான். வாயை மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் என்னவோ கேட்டார். “கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்” என்று எரிந்து விழுந்தேன். பாவம், பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு, மிச்சமிருந்த தொண்டையில்தான் கேட்டார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாராம்.

மார்ச் 10, செவ்வாய்

முதல் பாட்டில் ஒரு விசில். ரொம்ப மெல்லிசு. அவள் பாடும்போது கேட்பதில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் கேட்கிறது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குரல் நின்றதும் கம்ப்ரஷன் கையை எடுத்துவிடும். அறையில் கிடக்கும் சில்லறைச் சத்தமெல்லாம் அந்த இடைவெளியில் மேலே வரும். ஃபேன், ஏசி, வயர், பக்கத்து வீட்டு நாய் எல்லாமே வரிகளுக்கு நடுவில்தான் தலை காட்டும். ஏசி என்று எழுதி வைத்தேன்.

ரெக்கார்டிங்காரருக்குப் போன் போட்டேன். மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “பாடும்போது ஏசியை நான் ஓட விடுவேனா மேடம்? அந்தம்மாவுக்கு வேர்த்து ஊத்துச்சு, தெரியுமா?” சரி, அப்படியானால் வயர். போனை வைத்துவிட்டு அழித்தேன். எங்களிடம் அதற்கொரு வழி இருக்கிறது. சத்தத்தில் ஒரு துண்டைக் காட்டி, இதுதான் குப்பை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும். பாட்டு முழுக்கத் தேடித் தேடி அதுவே பெருக்கிவிடும்.

மார்ச் 13, வெள்ளி

இன்னும்கொஞ்சம் நேரில் வந்தார். சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “குரல்ல ஒரு இது வேணும் மேடம்” என்றார். எது என்று அவருக்கும் தெரியாது. எந்த வயரும் போகாத ஒரு பழைய பெட்டி மேஜையில் இருக்கிறது. அதன் குமிழை மெல்லத் திருகினேன். “ஆஹா! இப்பதான் உயிர் வந்திச்சு” என்றார். சிரிப்பை அடக்க இருமினேன்.

அவர் போனதும் வாயாடி வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை, ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. “உங்க ஆபீஸை மலை உச்சியில வச்சிருக்கீங்களே அண்ணி, சாமி கும்பிடவா வர்றோம்?” என்றாள். அவளுக்கு இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினேன். ஒன்று அடங்கினது, ஒன்று சத்தமானது. சத்தமானதைத்தான் பிடித்திருக்கிறது என்றாள். யாரும் அப்படித்தான் சொல்வார்கள், காது உரக்கக் கேட்பதைத்தான் நல்லது என்று நம்பும். அதனால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து போட்டேன். அப்போதும் அதையே சொன்னாள்.

“எனக்குப் புரியுது அண்ணி. மத்ததுல நான் ஏறி இறங்குறேன், அழகாத்தான் இருக்கு. ஆனா இத்தனை நாளா பின்னாடி நின்னவ நான். ஒரு தடவை முன்னாடி நிக்கிறேனே.”

சத்தமானதையே சேமித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டு, மூன்று, இன்று நாலாவது பாட்டு. அதே விசில். அழித்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஐந்தாவது பாட்டில் விசில் இன்னும் நீளம். முதல் பாட்டில் ஊசி முனை அளவுதான் இருந்தது, இதில் நூல் மாதிரி இழுபடுகிறது. ரெக்கார்டிங்காரருக்கு ஒரு காட்டமான செய்தி அனுப்பினேன்: உங்கள் மைக்கோ வயரோ செத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு பதிவுக்கும் மோசமாகிறது, வேறு யாராவதாக இருந்தால் காறித் துப்பியிருப்பார்கள்.

பதில் உடனே வந்தது. “மைக் புதுசு. வயர் புதுசு. ரூமே மாத்திட்டேன். வந்து பாருங்க மேடம், நாளைக்கே வாங்க.”

போகவில்லை. யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை. அழித்துவிட்டால் போயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

இதை எழுதி வைக்க வேண்டும்.

ஆறாவது பாட்டின் குரல் மட்டும் தனியாக வந்திருந்தது, வெட்டாமல் முழுசாக. நடுவில் ஓர் இடத்தில் அவள் “தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள். கதவுச் சத்தம். மைக் திறந்தபடியே கிடக்கிறது. காலி அறை.

விசில் இல்லை.

காத்திருந்தேன். எவ்வளவு தூக்கியும் இல்லை. கதவு திறக்கிறது, காலடி, ஸ்டூல் நகர்கிறது. விசில்.

மெஷின் இல்லை. வயர் இல்லை. அவள் மூச்சு.

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் உண்டு. எதை அழித்தோமோ அதை மட்டும் கேட்கலாம். நல்லதைத் தப்பாக அழித்துவிட்டோமா என்று பார்ப்பதற்காக வைத்திருப்பது. முதல் பாட்டிலிருந்து வரிசையாக அழுத்தினேன். பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவே அவள் நெஞ்சு இழுப்பது மட்டும். நவம்பரில் பாடியது லேசாக. ஜனவரியில் கொஞ்சம் கூட. போன மாதம் பாடியது… உள்ளே எதுவோ மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

இதைத்தான் நான் குப்பை என்று காட்டிக் கொடுத்தேன். ஊர் உலகத்தில் வேறு யார் காதிலும் விழாதது என் காதில் விழுந்தது, நான் பெருக்கித் தள்ளினேன். இரண்டு வாரமாக! ஒரு அப்பாவி மனிதரை வேறு திட்டித் தீர்த்தேன். சத்தம் என்றால் மெஷின் என்று மட்டும் பழகிப்போன மண்டை. காது இருந்து என்ன, புத்தி வேண்டாமா?

மார்ச் 25, புதன்

வீட்டுக்காரரை அறைக்கு வரச்சொல்லி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். “என்னது இது, பம்ப் ரிப்பேரா?” என்றார்.

“உங்க தங்கச்சி மூச்சு” என்றேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. முடிந்த பிறகும் காதோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “சின்ன வயசுல இவளுக்கு இழுப்பெல்லாம் கிடையாதே” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 26, வியாழன்

இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். முதலில் தூசி அலர்ஜி என்றாள். அப்புறம் ஜலதோஷம் என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஜனவரியிலேயே டாக்டரிடம் போயிருக்கிறாள். தைராய்டில் கட்டி. வெளியே தெரியாமல் கழுத்துக்குள் கீழ்நோக்கி வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்குகிறது. வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது அடிபட்டால் குரல் போகலாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

“ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுன்னாரு. போகல. போனா உடனே வெட்டணும்பாரு.”

“மூச்சு நின்னு போனா பரவாயில்லையா உனக்கு?” அவர் கத்தியே விட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“ஏழாவது பாட்டு மட்டும் முடியட்டும் அண்ணா. மத்த ஆறும் புரொட்யூசரு சொன்னது. அது ஒண்ணுதான் என்னுது. அதுக்கப்புறம் எங்க வேணா வெட்டிக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் அழிச்சீங்களே அண்ணி, யாருக்கும் தெரியலயே. அப்படியே அழிச்சிட்டுப் போங்களேன். என் நெஞ்சைத் தோண்டிக் கேளுன்னு உங்களை யாரு கேட்டா?”

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் இடத்தில் நான் இல்லையே. அவள் மூச்சைக் கேட்டவள் இடத்தில் அல்லவா இருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். இன்னும்கொஞ்சம் மட்டும் விடாமல் அடிக்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன். ஆறு பாட்டிலிருந்தும் அந்த இழுப்பை மட்டும் எடுத்து, நவம்பரிலிருந்து போன மாதம் வரை வரிசையாக ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கினேன். ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய என்று வைத்தால், அண்ணி வேண்டுமென்றே பயமுறுத்துகிறாள் என்பாள். அவளுக்கும் காது உண்டு. என்னைவிட நல்ல காது. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் கேட்காமலே, எவ்வளவு சத்தம் ஏறுமோ அவ்வளவும் ஏற்றினேன். அனுப்பிவிட்டேன். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன எழுதுவது?

அனுப்பியதிலிருந்து பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். தப்பு செய்துவிட்டேனோ?

ஏப்ரல் 1, புதன்

வந்தாள். சேரில் உட்கார்ந்து, மூச்சு சமமாகட்டும் என்று கையைக் காட்டினாள்.

“அஞ்சாவது பாட்டு பாடும்போது நல்லாயிட்டேன்னு நினைச்சேன் அண்ணி” என்றாள். “அன்னிக்கு நல்லாப் பாடினேன்ல? நல்லாப் பாடினதால உடம்பும் நல்லாருக்குன்னு நினைச்சிட்டேன்.”

கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதோம். அழுதால் இழுப்பு அதிகமாகிறது என்பதால் சீக்கிரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கும் அவளே சிரித்தாள்.

நேராக டாக்டரிடம் போனோம். ஏப்ரல் கடைசிவரை தாங்காது, அடுத்த வாரம் அட்மிட் ஆகுங்கள் என்றார். பாடலாமா என்று அவள் கேட்டாள். “உட்கார்ந்துக்கிட்டு, மெதுவா. மூச்சு முட்டுச்சுன்னா உடனே நிறுத்திடணும். பக்கத்துல ஆள் இருக்கணும்” என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்னும்கொஞ்சத்திடம் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார், நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏழாவது பாட்டு வேண்டாம் என்றார். வாத்தியக்காரர்களை அதற்குள் கூட்ட முடியாது, வெறும் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேரம் பேசினேன். காய்கறிக் கடையில்கூட இப்படிப் பேசியதில்லை. “அந்த ஆறையும் நீங்க கேக்குற அளவுக்குச் சத்தமாக்கித் தர்றேன் சார். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். ஏழாவதை மட்டும் நீங்க தொடக்கூடாது.”

“தொடக்கூடாதுன்னா?”

“எப்படி வருதோ அப்படியே போகணும்.”

“ஆறும் நல்லா அடிச்சுத் தூக்கணும் மேடம்” என்றார். சரி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஏப்ரல் 4, சனி

ரெக்கார்டிங்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். ஏழாவதை என் அறையிலேயே பாடவைக்கப் போவதையும் சொன்னேன். பிறகு, “நல்ல மைக்கா ஒண்ணு கொண்டு வர்றேன். நீங்க வச்சிருக்கிறது சரிப்படாது” என்றார். பழிவாங்கிவிட்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

என் அறையிலேயே பாடினாள். முற்பகல் பதினொரு மணி இருக்கும். வாசலில் அவர் லீவு போட்டுவிட்டுக் காவல், லிஃப்ட் பக்கம் போகிறவர்களையெல்லாம் சைகையால் அதட்டிக்கொண்டு. சுவரெல்லாம் போர்வை. ரெக்கார்டிங்காரர் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

நீளமான வரிகளை அவளால் ஒரே மூச்சில் பாட முடியவில்லை. உடைத்துப் பாடினாள். உடைந்த இடத்தில் நின்று, காற்றை இழுத்து, அது உள்ளே போகும்வரை காத்திருந்து, மறுபடி தொடர்ந்தாள். காதலும் இல்லை, பெரிய தத்துவமும் இல்லை அந்தப் பாட்டில். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒருத்தி, இன்றைக்குச் சமைக்க வேண்டாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி முடிவு செய்கிறாள். அவ்வளவுதான். எந்தக் குமிழையும் தொடவில்லை.

இரண்டாவது தடவை பாட நான் விடவில்லை. போட்டுக் கேட்டோம். விசில் அப்படியே இருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அழிக்கட்டுமாடி?”

தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இருக்கட்டும் அண்ணி. சுதி சேருதே.”

ஏப்ரல் 10, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்டது இல்லை என்றார்கள். நன்றாக மூச்சு விடுகிறாள்.

ஏப்ரல் 11, சனி

குரல் வரவில்லை. நரம்பு அறுபடவில்லை, கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும்போது இழுபட்டிருக்கிறது, அரை வருஷம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அவள் ஒரு தாளில், “ஆறு பாட்டையும் முடிச்சீங்களா?” என்று எழுதிக் காட்டினாள். முடிக்கவில்லை. போய் முடித்தேன். சொன்ன வார்த்தைக்கு அடித்துத் தூக்கினேன். வெளியே வந்தபோது தலை விண்விண் என்று தெறித்தது.

மே 22, வெள்ளி

ஆல்பம் வெளியாகிவிட்டது. மேடை, விழா எதுவும் இல்லை.

பாட்டுக் கேட்கிற ஆப்களில் எல்லாப் பாட்டையும் அவர்களே ஒரே அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். நான் மாய்ந்து மாய்ந்து ஏற்றிய ஆறும் மற்ற எல்லாப் பாட்டையும் போலத்தான் கேட்கின்றன, கொஞ்சம் தட்டையாக. இன்னும்கொஞ்சத்துக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்று போன் செய்து, “ஏன் மேடம் சத்தமே இல்ல?” என்கிறார்.

ஏழாவது பாட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்தப் பாட்டில் ஏதோ கோளாறு, ஒன்றுமே கேட்கவில்லை, சரிசெய்து மறுபடி போடவும். அதற்குக் கீழே இன்னொருவர்: பஸ்ஸில் போகும்போது கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வாயாடிக்கு இரண்டையும் காட்டினேன். முதலாமவருக்குத்தான் பதில் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாள். போனைப் பிடுங்கி வைத்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

சாயங்காலம் வாயாடி வந்திருந்தாள். குரல் இன்னும் திரும்பவில்லை, காற்றாகத்தான் வருகிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் கிரிக்கெட். அவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் அவர் போட்ட டீ.

என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, காதில் விழவில்லை. நான் டிவியை நிறுத்தினேன். அதற்குள் அவர் குழாயை மூடிவிட்டு, கையெல்லாம் நுரையாக வந்து வாசற்படியில் நின்றார். மேலே சுற்றிய ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, முழங்கையாலேயே அதையும் அணைத்தார்.

“என்னம்மா சொன்ன?”

நாங்கள் இருவரும் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மூச்சு இழுத்து, மறுபடி சொன்னாள்.

“டீயில சக்கரையே இல்லண்ணா.”

வீடு முழுக்கக் கேட்டது.